குபோங் வௌவால் ஆகுமா?

அன்புள்ள அண்ணா,

சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் இன்னும் சாய்க்காமல் விட்டிருக்கும் பழைய பால்மரங்களில், பொழுது சாய்ந்ததும் ஒரு பிராணி தோலை விரித்து மரத்துக்கு மரம் பாய்கிறது. மலாய் நண்பர்கள் குபோங் என்கிறார்கள். தாத்தாவோ, "அது அணில்தான்டா, தாவித் தாவித் தோல் இழுபட்டுப் போச்சு, இன்னும் கொஞ்ச காலத்துல வௌவாலா ஆயிடும்" என்கிறார். சரியா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

தாத்தாவை லேசாக எடைபோட வேண்டாம். பிரான்ஸில் லாமார்க் என்ற இயற்கை ஆய்வாளர் 1809இல் எழுதியதும் கிட்டத்தட்ட இதுதான்: உழைக்கிற உறுப்பு வளரும், வளர்ந்தது பிள்ளைக்கும் போகும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று தலைமுறை பால்வெட்டிய குடும்பங்கள் நம் தோட்டங்களில் எத்தனை, அதில் உள்ளங்கை காய்த்துப் பிறந்த குழந்தை ஒன்றாவது உண்டா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். 1880களில் ஜெர்மனியில் வைஸ்மான் என்பவர் தலைமுறை தலைமுறையாக எலிகளின் வாலை வெட்டிப் பார்த்தார். குட்டிகள் முழு வாலோடுதான் பிறந்தன.

அப்புறம் தோல் எப்படி விரிந்தது? ஒரே இனத்தில் எல்லாம் ஒரே அச்சாகப் பிறப்பதில்லை. குபோங்கின் மூதாதைகளில் சிலதுக்கு அக்குளில் தோல் மடிப்பு கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கும், கிளை தவறும்போதும் அடுத்த மரத்துக்குத் தாவும்போதும் அவை கூடுதலாகப் பிழைத்துக் குட்டி போட்டிருக்கும், குட்டிக்கும் அந்த மடிப்பு வந்திருக்கும், இதுவே பல லட்சம் தலைமுறை நடந்தால் கழுத்திலிருந்து வால் நுனிவரை தோல் விரிந்து நூறு மீட்டருக்கு மேல் சறுக்குகிற பிராணி வந்து நிற்கும். டார்வினும் வாலஸும் 1858இல் சொன்னது இந்த வழியைத்தான். (வாலஸ் அதற்கு நான்கு வருடம் முன்பு நம் மலாக்காவுக்கு வந்து குனோங் லேடாங் மலை ஏறியவர்.)

இது நம் காலத்திலேயே கண்ணுக்குத் தெரிந்தது யானைகளிடம். ஆப்பிரிக்காவில், பெண் யானைக்கும் தந்தம் உள்ள மொசாம்பிக்கில், 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். கோரொங்கோசா காட்டில் தந்தத்துக்காக யானைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். தந்தமில்லாத பெண் யானைகள்தான் கூடுதலாகத் தப்பிக் குட்டி போட்டன. போருக்கு முன் ஐந்தில் ஒரு பெண் யானைக்குக்கூட இல்லாதிருந்த அந்தக் குறை, போருக்குப் பின் பிறந்த பெண் குட்டிகளில் மூன்றில் ஒன்றுக்கு இருந்தது. எந்த யானையும் தந்தம் வேண்டாம் என்று முயற்சி செய்யவில்லை.

குபோங் என்றால் அது அணிலே இல்லை. அதற்கு மிக நெருங்கிய சொந்தம் குரங்கினம், அதாவது நாமும்தான். தாத்தாவிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள். பறக்கும் அணிலுக்கும், ஆஸ்திரேலியாவில் பையில் குட்டி வளர்க்கும் சில பிராணிகளுக்கும் இதே மாதிரித் தோல் தனித்தனியாக வந்தது. வௌவாலுக்கு நடந்தது இன்னொரு கதை: நம் கையில் இருக்கும் அதே எலும்புகள்தான், விரல்கள் மட்டும் குடைக்கம்பி போல நீண்டுவிட்டன. அமெரிக்காவில் கிடைத்த 5 கோடியே 20 லட்சம் வருடப் பழைய வௌவால் எலும்புகளிலேயே சிறகு முழுசாக இருக்கிறது. குபோங் அந்த வரிசையில் நின்றுகொண்டு முறைக்காகக் காத்திருக்கவில்லை, சறுக்குவதே அதன் பிழைப்புக்குப் போதும்.

எதற்கும் டார்ச்லைட்டோடு போய் வாலைப் பாருங்கள். வால் நுனிவரை தோலுக்குள் அடங்கியிருந்தால் குபோங். தோலுக்கு வெளியே புசுபுசுவென்று தனியாக நீண்டிருந்தால் பறக்கும் அணில், தாத்தா பாதி ஜெயித்தார். எது என்று எழுதுங்கள்.