கம்பெனிதான் பிரிகிறது, நான் ஏன் ராஜினாமா எழுத வேண்டும்?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறேன். ஒரு ஊடக நிறுவனத்தின் செய்தி சேனலில், பிசிஆர் என்கிற கட்டுப்பாட்டு அறையில், கேமரா காட்சிகளை மாற்றிக் கொடுக்கும் விஷன் மிக்ஸராக 11 வருஷமாக வேலை. கம்பெனி பத்திரிகைகளைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, டிவி பிரிவை மட்டும் தனிக் கம்பெனியாகப் பிரித்துப் புதுப் பெயரும் வைத்துவிட்டது. போன வாரம் எச்ஆரில் ஒரு கவர் கொடுத்தார்கள். உள்ளே இரண்டு தாள். ஒன்று பழைய கம்பெனிக்கு ராஜினாமா. அவர்களே டைப் செய்து, கையெழுத்துக்குக் கோடும் போட்டிருக்கிறார்கள். இன்னொன்று புதுக் கம்பெனியின் நியமனக் கடிதம். அதில் ஆறு மாதம் புரொபேஷன். பத்து நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். சம்பள ரசீதில் ஒரு பெயர், இந்தக் கடிதத்தில் ஒரு பெயர், பேங்க் மெசேஜில் மூன்றாவதாக ஒரு பெயர். கையெழுத்துப் போடலாமா? ஊழியர் திட்டத்தில் வாங்கிய 200 ஷேர் என்ன ஆகும்? பழைய ஐடி கார்டையும் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

பதில்: இரண்டாவது தாளைப் பிறகு பார்ப்போம். முதல் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் வேலை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கு உங்கள் ராஜினாமா தேவையே இல்லை. இப்படிப் பிரிப்பது 2013 கம்பெனிகள் சட்டத்தின் 230 முதல் 232 வரையான பிரிவுகளின்படி நடக்கிறது. கம்பெனி கொடுக்கும் பிரிப்புத் திட்டத்தை, அதாவது ஸ்கீமை, தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் அங்கீகரித்து உத்தரவு போடும். உங்கள் ஊர் அமர்வு கஃப் பரேடில் இருக்கிறது. அந்த உத்தரவிலேயே ஊழியர்களையும் புதுக் கம்பெனிக்கு மாற்ற 232-வது பிரிவு இடம் கொடுக்கிறது. உங்கள் கம்பெனி பட்டியலிடப்பட்டது என்பதால் ஸ்கீம் முழுவதும் பங்குச் சந்தை இணையதளத்திலும் கம்பெனியின் தளத்திலும் கிடைக்கும். ஊழியர்கள் பற்றிய பத்தியைத் தேடிப் படியுங்கள். வழக்கமாக அதில் மூன்று விஷயம் இருக்கும்: பணித்தொடர்ச்சி அறாது, சம்பளமும் சலுகைகளும் இப்போது இருப்பதைவிடக் குறையாது, பழைய கம்பெனியில் வேலை பார்த்த காலமும் கணக்கில் சேரும். அப்படி இருந்தால், ராஜினாமா கேட்பதும் புரொபேஷன் போடுவதும் அவர்கள் தீர்ப்பாயத்தில் சொன்னதற்கே நேர்மாறு.

இதைச் சதி என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். என் அனுபவத்தில், புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கொடுக்கும் காகிதக் கட்டையே எச்ஆர் அப்படியே அச்செடுத்து எல்லோருக்கும் நீட்டிவிடுகிறது. ஆனால் கையெழுத்து விழுந்த பிறகு, அது சோம்பலா சதியா என்ற கேள்வியால் உங்களுக்கு ஒரு பைசா பிரயோஜனமில்லை.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) எடுத்துக்கொள்ளும் உங்கள் மாத ஊதியம் 52,000 ரூபாய் என்று வையுங்கள். 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் வருஷத்துக்கு 30,000. ராஜினாமா கொடுத்தால் 11 வருஷத்துக்கு 3,30,000 வாங்கிக்கொண்டு கணக்கை முடிக்கிறீர்கள். புதுக் கம்பெனியில் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். அங்கே நாலு வருஷம் கழித்து விலகினால், ஐந்து வருஷம் ஆகவில்லை என்று கையை விரிப்பார்கள். ராஜினாமா கொடுக்காமல் தொடர்ந்து, நாலு வருஷம் கழித்து ஊதியம் 78,000 ஆக இருக்கும்போது விலகினால், வருஷத்துக்கு 45,000 வீதம் 15 வருஷத்துக்கு 6,75,000. இரண்டுக்கும் நடுவே 3,45,000 ரூபாய். அந்தக் கோட்டில் போடும் கையெழுத்தின் விலை இவ்வளவு. நாளை ஆட்குறைப்பு வந்தால் கிடைக்கும் இழப்பீடும் பணித்தொடர்ச்சியை வைத்தே கணக்கிடப்படும். அதிலும் இதே அடிதான்.

தொழிலாளர் சட்டமும் உங்கள் பக்கம்தான். நிறுவனம் கைமாறும்போது, ஒரு வருஷமாவது தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு ஆட்குறைப்புக்குச் சமமான நோட்டீசும் இழப்பீடும் உண்டு. கொடுக்காமல் இருக்க வேண்டுமென்றால் பணி அறாமல் தொடர வேண்டும், நிபந்தனைகள் மோசமாகக் கூடாது, பழைய வருஷங்களையும் சேர்த்துப் புது முதலாளி பொறுப்பேற்க வேண்டும். பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில் 25எஃப்எஃப் என்று இருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பிலும் இருக்கிறது. 'நான் சீனியர் எக்ஸிகியூட்டிவ் ஆச்சே, தொழிலாளி என்பார்களா?' என்று கேட்பீர்கள். பதவிப் பெயரை வைத்து அதை முடிவு செய்வதில்லை. ஸ்விட்சரில் விரல் வைத்து நேரலையை ஓட்டும் உங்கள் வேலை தொழில்நுட்ப வேலை.

புதுக் கம்பெனிக்குப் போகவே மாட்டேன் என்றும் சொல்லலாம். 2011-ல் பிலிப்ஸ் டிவி ஆலைத் தொழிலாளர் வழக்கில், சம்மதம் இல்லாமல் இன்னொரு முதலாளியிடம் வேலை செய்யக் கட்டாயப்படுத்த முடியாது, அப்படிப் போகாதவர்களுக்கு இழப்பீடு உண்டு என்றது உச்ச நீதிமன்றம். சேனலே அங்கே போய்விட்ட நிலையில் உங்களுக்கு அந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

சரி, அந்த மூன்று பெயர். கடிதத் தாளின் அடியில் பொடி எழுத்தில் சிஐஎன் என்று கம்பெனியின் அடையாள எண் 21 எழுத்து-எண்ணில் இருக்கும். முதல் எழுத்து எல் என்றால் பட்டியலிட்ட கம்பெனி, யு என்றால் இல்லை. அடுத்த ஐந்து எண் தொழில்வகை. பிறகு மாநிலம், உங்களுக்கு எம்எச். அப்புறம் நாலு இலக்கத்தில் கம்பெனி பிறந்த வருஷம், மூன்றெழுத்தில் கம்பெனி வகை, கடைசி ஆறும் பதிவு எண். பெயரை மட்டும் மாற்றினால் இந்த எண் மாறாது. பழைய சம்பள ரசீதையும் புதுக் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பிறந்த வருஷத்தையும் கடைசி ஆறு எண்ணையும் பாருங்கள். அவை வேறு என்றால் வேறு முதலாளி. மூன்றாவது பெயர், அநேகமாகப் புதுக் கம்பெனியை முதலில் பதிவு செய்தபோது வைத்த தற்காலிகப் பெயர். பேங்கில் இன்னும் மாற்றியிருக்க மாட்டார்கள். பெயர் மாற்றிய கம்பெனி இரண்டு வருஷத்துக்குத் தன் கடிதத் தாளில் பழைய பெயரையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்று 12-வது பிரிவு சொல்கிறது, அதையும் பாருங்கள். கொஞ்ச காலம் சம்பளம் பழைய கம்பெனி பெயரிலேயே வந்தாலும் பயப்பட வேண்டாம். சேனல் அனுமதியைப் புதுக் கம்பெனிக்கு மாற்றத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் முன்கூட்டியே ஒப்புதல் தர வேண்டும். அந்தக் காகிதம் மெதுவாகத்தான் நகரும்.

பெயரை நம்பினால் ஏமாந்துபோவோம் என்பதற்கு அமெரிக்காவின் கேனட் நல்ல உதாரணம். 2015 ஜூனில் அது பத்திரிகைகளையும் டிவி நிலையங்களையும் பிரித்தது. கேனட் என்ற பெயர் பத்திரிகைப் பக்கம் போனது, ஆனால் அதுதான் புதிதாகப் பிறந்த கம்பெனி. டிவி நிலையங்களோடு நின்றது பழைய கம்பெனி. பெயரை மட்டும் டெக்னா என்று மாற்றிக்கொண்டது. இங்கே மும்பையிலேயே ஜீ டெலிஃபிலிம்ஸ் 2006-ல் செய்தி, கேபிள், டிடிஎச் தொழில்களைப் பிரித்துவிட்டு, அடுத்த வருஷம் தன் பெயரையும் மாற்றிக்கொண்டது.

இப்போது செய்ய வேண்டியது. எச்ஆருக்கு மின்னஞ்சலில், உங்கள் சொந்த முகவரிக்கும் நகல் போட்டு, இவ்வளவு எழுதினால் போதும்: 'தீர்ப்பாயம் அங்கீகரித்த ஸ்கீமின்படி என் பணி புதுக் கம்பெனிக்கு மாறுவதை ஏற்கிறேன். நான் ராஜினாமா செய்யவில்லை. சேர்ந்த தேதி முதல் என் பணி தொடர்கிறது. புரொபேஷன் விதி எனக்குப் பொருந்தாது; அதை நீக்கித் திருத்திய கடிதம் கொடுங்கள்.' பத்து நாள் கெடுவுக்குள் அனுப்புங்கள். ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் என்ற தலைப்பில் எது வந்தாலும் அதே பதில். பிஎஃப் பணத்தை வெளியே எடுக்காதீர்கள். யுஏஎன் என்கிற உங்கள் பிஎஃப் அடையாள எண் மாறாமல், அதே எண்ணில் புதுக் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். மசியவில்லை என்றால் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் காம்கார் பவன், தொழிலாளர் ஆணையர் அலுவலகம். நாலைந்து பேர் சேர்ந்து போனால் மனு வேகமாக நகரும்.

ஷேர் விஷயம் சுலபம். ஸ்கீம் சொல்லும் விகிதத்தில் புதுக் கம்பெனியின் ஷேர் டிமேட்டில் தானாக வந்து விழும். வருமான வரிச் சட்டத்தின் நிபந்தனைப்படி நடந்த டிமெர்ஜர் (கம்பெனிப் பிரிப்பு) என்றால் அப்போது வரி இல்லை, விற்கும்போதுதான். நீங்கள் போட்ட பணம் பழைய ஷேர், புது ஷேர் இரண்டுக்கும் பிரித்துக் கணக்கிடப்படும். அந்த விகிதத்தைக் கம்பெனியே அறிவிக்கும், அந்த மின்னஞ்சலை அழிக்காதீர்கள். பழைய ஷேரை நீங்கள் வைத்திருந்த காலமும் புது ஷேருக்குச் சேரும்.

ஐடி கார்டு அவர்கள் பொருள், கொடுத்துவிடுங்கள். அதற்கு முன் சேர்ந்த தேதி தெரிகிற மாதிரி இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு, கார்டை வாங்கிக்கொண்டதாக ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.