ஒரே ஒரு சுரம் பாடும் பெட்டிக்கு ஏன் இத்தனை மவுசு? மினிமோக் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே மினிமோக் சிந்தசைசரை (மின்சாரத்தால் சத்தத்தை உருவாக்கும் இசைக்கருவி) போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு கடிதங்கள் வருமென்று எதிர்பார்க்கவில்லை, ரொம்ப சந்தோஷம். அதனால் இந்த இதழ் முழுக்க மினிமோக் பற்றித்தான்.

கல்லூரியில் படிக்கும் என் மகன் 1970களின் ஜெர்மன் எலக்ட்ரானிக் இசையே கதி என்று கிடக்கிறான். ‘மினிமோக் மாதிரி வராதுப்பா’ என்கிறான். சாதாரண கீபோர்டிலேயே நூறு வாத்தியங்களின் சத்தம் வருகிறதே, இதில் அப்படி என்ன இருக்கிறது? – திருச்சி வாசகர்

அந்த நூறு வாத்தியங்களும் ஏற்கெனவே யாரோ செய்து உள்ளே அடைத்து வைத்தவை. பொத்தானை அழுத்தினால் புல்லாங்குழல், இன்னொன்றை அழுத்தினால் வயலின், நமக்கு அதில் தேர்ந்தெடுக்கும் வேலை மட்டும்தான். மினிமோக்கில் அடைத்து வைத்தது எதுவும் கிடையாது. பெட்டியைப் போட்டதும் அதில் இருப்பது மின்சாரத்தின் துடிப்பு மட்டுமே, அதைச் சத்தமாக்குவது வாசிப்பவரின் கை.

பேனலை இடமிருந்து வலமாகப் பார்த்தாலே சத்தம் எப்படிப் பிறக்கிறது என்பது புரிந்துவிடும். முதலில் ஒலி அலைகளை உண்டாக்கும் மூன்று ஆசிலேட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் அலை வடிவத்தை மாற்ற ஒரு குமிழ், எந்த ஸ்தாயி என்று சொல்ல ஒரு குமிழ் (இதில் 32, 16, 8 என்று அடிக்கணக்கில் எண்கள் போட்டிருக்கும், தேவாலயத்து பைப் ஆர்கன் குழாய்களின் நீளக் கணக்கு அது). அடுத்து மிக்ஸர், அதில் மூன்றையும் எந்த அளவில் கலப்பது என்று முடிவு செய்கிறோம். அப்புறம் ஒலியை வடிகட்டும் ஃபில்டர். கட்-ஆஃப் குமிழை இடப்பக்கம் திருகினால் மேல் அதிர்வெண்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, கூராக இருந்த சத்தம் மழுங்கி, கடைசியில் அடிவயிற்று உறுமலாக மட்டும் மிஞ்சும். மெதுவாக வலப்பக்கம் திருப்பும்போது அதே சத்தம் வாய் திறப்பது போலத் திறக்கும். பக்கத்திலேயே ‘எம்ஃபசிஸ்’ என்ற குமிழ், அதை முழுக்க ஏற்றிவிட்டால் ஃபில்டரே தனியாக விசில் அடிக்க ஆரம்பித்துவிடும். ஒரு குமிழுக்கு ஒரு வேலை, மெனு கிடையாது, திரை கிடையாது. காதில் விழுவதும் கை செய்வதும் ஒன்றாக இருக்கிறது, நான் இந்தக் கருவியை விடாமல் நேசிப்பதற்கு முதல் காரணம் இதுதான். உங்கள் மகன் கேட்கும் கிராஃப்ட்வெர்க் குழுவினர் 1974இல் வெளியிட்ட ‘ஆட்டோபான்’ இசைத்தட்டிலும் மினிமோக் உண்டு. ஒருநாள் அவரோடு உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.

மோக் என்பவர்தான் இதைக் கண்டுபிடித்தாரா? – சேலம் வாசகர்

பெயர் அவருடையது, ஃபில்டரும் அவருடையது. ஆனால் மினிமோக்கைப் பொறுத்தவரை பில் ஹெம்சத் என்ற பொறியாளரின் பெயரைச் சொல்லாமல் விட்டால் அது அநியாயம்.

ராபர்ட் மோக் 1934இல் நியூயார்க்கில் பிறந்தவர். கையால் தொடாமலேயே வாசிக்கும் தெரமின் என்ற கருவியைப் பள்ளி வயதிலேயே செய்யத் தொடங்கி, பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டார். 1964இல் ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்ததும் வேலை வேறு திசையில் போயிற்று. மின்னழுத்தம் ஒரு வோல்ட் ஏறினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும் என்ற கணக்கில் எல்லாவற்றையும் மின்னழுத்தத்தாலேயே ஆட்டுவிக்கலாம் என்பதுதான் அவர்கள் பிடித்த நூல். ஒரு சுரம் எப்படித் தொடங்கி எப்படி அடங்க வேண்டும் என்று சோதிக்க, கடையிலிருந்து ஒரு வீட்டு அழைப்பு மணிப் பொத்தானை வாங்கி வைத்துப் பரிசோதித்தார்கள். இன்று எல்லா சிந்தசைசரிலும் இருக்கும் என்வலப் என்ற அங்கத்தின் ஆரம்பம் அந்தப் பொத்தான்தான்.

அப்போது மோக் செய்தவை அலமாரி அளவுப் பெட்டிகள். ஒவ்வொரு பாகத்தையும் வயர் போட்டு இணைத்தால்தான் சத்தம் வரும், பல்கலைக்கழகங்களும் பெரிய ஸ்டுடியோக்களும்தான் வாங்க முடியும். 1968இல் வெண்டி கார்லோஸ் அந்தப் பெட்டியில் ஜெர்மன் இசைமேதை பாக்கின் இசையை வாசித்து வெளியிட்ட இசைத்தட்டு சக்கைப்போடு போட்டதும் ஆர்டர்கள் குவிந்தன, ஆனால் அந்த அலை சீக்கிரமே வடிந்து, ட்ரூமன்ஸ்பர்க் என்ற சிற்றூரில் இருந்த மோக்கின் நிறுவனம் பணமுடையில் தள்ளாட ஆரம்பித்தது.

ஹெம்சத் கதைக்குள் வருவது இங்கேதான். சாப்பாட்டு இடைவேளைகளில், ஓரங்கட்டி வைத்திருந்த பழுதான பாகங்களைப் பொறுக்கியெடுத்து, கீபோர்டை அறுத்துச் சின்னதாக்கி, வயர் எதையும் செருகாமல் போட்டவுடன் வாசிக்கக்கூடிய ஒரு பெட்டியைச் செய்தார். அது மாடல் ஏ. பிறகு பி, சி என்று திருத்தித் திருத்தி, 1970இல் மாடல் டி உருவானது. ஜாஸ் கலைஞர் சன் ரா ஒரு முன்மாதிரியை இரவலாக வாங்கிப் போய் விற்பனைக்கு வருமுன்பே மேடையேற்றிவிட்டார். 44 கட்டைகள், மரச் சட்டம், நிமிர்த்தி வைக்கக்கூடிய பேனல், விலை சுமார் 1,500 டாலர்.

ஆனால் அதை விற்பது அவ்வளவு சுலபமாக இல்லை. சிந்தசைசரை இசைக்கருவிக் கடையில் வைத்து விற்கும் வழக்கமே அப்போது கிடையாது, கடைக்காரர்கள் அதை விஞ்ஞான சாதனம் என்று ஒதுக்கினார்கள். டேவிட் வான் கோவரிங் என்ற விற்பனையாளர் பெட்டியைக் காரில் போட்டுக்கொண்டு இரவு விடுதிகளுக்குப் போய், அங்கே வாசித்துக்கொண்டிருந்த கலைஞர்களை முதலில் மயக்கி, அவர்களைக் கையோடு கடைக்கு அழைத்துப் போய், ‘இதோ வாங்குபவர், நீங்கள் விற்கத் தயாரா?’ என்று நின்றார். இந்த மனிதர் இல்லாவிட்டால் மினிமோக் நூறோ இருநூறோ விற்று மறைந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதற்குள் மோக் நிறுவனம் கைமாறி பஃபலோ பக்கம் போய்விட்டது, 1977இல் மோக்கே வெளியேறினார். 1981 வரை பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மினிமோக்குகள் செய்யப்பட்டன.

ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வருமாமே, பல சுரங்களைச் சேர்த்து அழுத்திக் கார்டு பிடிக்க முடியாதாமே? இது குறையில்லையா? – கோவை வாசகர்

இதே சந்தேகத்தால் ஒருவர் நஷ்டப்பட்டார், இன்னொருவர் லாபமடைந்தார். ‘யெஸ்’ என்ற ராக் இசைக்குழுவின் ரிக் வேக்மன் தன் முதல் மினிமோக்கை நடிகர் ஜாக் வைல்டிடமிருந்து மலிவாக வாங்கியதாகச் சொல்வார். பல கட்டைகளை அழுத்தினாலும் ஒரு சுரம்தான் வருகிறது, பெட்டி பழுது என்று நினைத்து வைல்ட் விற்றுவிட்டாராம்!

நாதஸ்வரமும் குரலும் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான், அதை நாம் குறை என்று சொல்வதில்லையே. மூன்று ஆசிலேட்டரும் ஒரே சுரத்துக்கு உழைப்பதால் அந்த ஒரு சுரத்துக்கு வரும் கனம் தனி. இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் கீழே உள்ள சுரம்தான் ஒலிக்கும், விரலை முழுக்க எடுத்து அழுத்தினால்தான் சுரம் புதிதாகத் தாக்கும், எடுக்காமல் அடுத்த கட்டைக்குப் போனால் வழுக்கிக்கொண்டு தொடரும். பியானோ பழகியவர்களுக்கு முதலில் எரிச்சலாக இருக்கும், பழகிய பிறகு அதையே சொற்கட்டு போலப் பயன்படுத்துவார்கள். அடித்தள பாஸ் ஒலி வேண்டுமென்றால் ‘பார்லமென்ட்’ என்ற அமெரிக்க இசைக்குழுவின் ‘ஃப்ளாஷ் லைட்’ பாட்டைக் கேளுங்கள், பெர்னி வொரல் மினிமோக்கை வைத்துத் தரையையே அதிர வைத்திருப்பார்.

வீணை கற்றுக்கொள்கிறேன். இந்தக் கருவியில் கமகம் வருமா? – மயிலாடுதுறை வாசகி

வரும். கட்டைகளுக்கு இடப்பக்கம் இரண்டு சக்கரங்கள் இருக்கும். ஒன்று சுருதியை வளைக்க, மற்றது அசைவு கொடுக்க. இன்று எல்லா கீபோர்டிலும் பார்க்கும் அந்தச் சக்கரங்களைப் பரவலாக்கியது மினிமோக்தான். இப்போதைய கீபோர்டுகளில் சக்கரத்தை விட்டதும் ஸ்பிரிங் இழுத்துக்கொண்டு நடுவுக்கு வந்துவிடும், மினிமோக்கில் ஸ்பிரிங் கிடையாது. நீங்கள் வளைத்ததை நீங்களே காதால் கேட்டு இடத்துக்குக் கொண்டுவர வேண்டும், தந்தியை இழுத்துப் பழகிய உங்களுக்கு இது ஒரு பெரிய வரம் என்பேன். மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-ராக் குழுவில் யான் ஹாமர் வாசித்ததைக் கேட்டால் கிதார் எது, மினிமோக் எது என்று தடுமாற்றம் வரும். அதே குழுவை நடத்திய கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின்தான் பின்னால் நம் விக்கு விநாயக்ராமோடு சேர்ந்து ‘சக்தி’ குழுவில் வாசித்தார்.

‘அனலாக் சூடு’, ‘தடித்த சத்தம்’ என்றெல்லாம் சொல்கிறார்களே, உண்மையான காரணம் உண்டா, இல்லை வெறும் பழமை மோகமா? – சென்னை வாசகர்

காரணம் உண்டு, மோகமும் உண்டு. மோக் 1969இல் காப்புரிமை பெற்ற ஃபில்டரில் டிரான்சிஸ்டர்கள் ஜோடி ஜோடியாக அடுக்கப்பட்டிருக்கும், வரைபடத்தில் பார்த்தால் ஏணிதான், பெயரும் அதுவே. ஒரு ஸ்தாயிக்கு 24 டெசிபெல் என்ற கணக்கில் அது மேல் ஒலிகளைச் செங்குத்தாக வெட்டும். மிக்ஸரில் ஆசிலேட்டர்களை முழுக்க ஏற்றும்போது அந்த ஏணி திணறி லேசாக உருக்குலைகிறது, காதுக்கு அது சுகமாக இருக்கிறது. ஹெட்போன் வெளியீட்டிலிருந்து ஒரு வயரை எடுத்து வெளி உள்ளீட்டில் செருகிச் சத்தத்தைத் திரும்ப உள்ளேயே ஊட்டுவார்கள், ஓவர்லோட் விளக்கு சிவப்பாக மினுக்கும், சத்தம் கரகரத்துப் பொங்கும்.

மூன்று ஆசிலேட்டர்களும் நூற்றுக்கு நூறு ஒத்துப்போவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிரான்சிஸ்டர் சூட்டுக்கு ஏற்பச் சுருதி நகரும், ஆரம்பகாலப் பெட்டிகளில் இது அதிகம். மேடைக்கலைஞர்களுக்கு அது தலைவலி, அதனாலேயே பேனலில் ஏ-440 என்று ஒரு சுவிட்ச், அதைப் போட்டால் சுருதிப்பெட்டி மாதிரி ஒரு நிலையான சுரம் வரும், அதற்குச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அந்தச் சின்ன விலகல்தான் அலைகளை ஒன்றோடொன்று உரசவிட்டு நீண்ட சுரத்துக்குள் அசைவைத் தருகிறது. மோகம் எங்கே வருகிறதென்றால் விலையில். பத்து வாத்தியங்களோடு கலந்த பாட்டில், நல்ல மென்பொருளையும் அசல் மினிமோக்கையும் காதால் பிரிப்பது தேர்ந்தவர்களுக்கே கஷ்டம்.

இந்தியாவுக்கு மோக் சிந்தசைசர் வந்ததா? – பெங்களூரிலிருந்து ஒரு தமிழ் வாசகர்

மினிமோக்குக்கு முன்பே வந்துவிட்டது. 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் ஒரு பெரிய மோக் பெட்டியை நிறுவ உதவினார், இசைக்கலைஞர் கீதா சாராபாய் உள்ளிட்டோர் அதில் பரிசோதனைகள் செய்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்துக் கிடைத்த அந்த ஒலிநாடாக்கள் 2023இல் வெளியாயின. அவசியம் கேட்க வேண்டியவை.

எனக்கு வாங்க ஆசை. பழையதா, புதியதா? – ஈரோடு வாசகர்

பழையதன் விலை பல லட்சம். அதற்கும் மேல், பழுது பார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால் வேண்டவே வேண்டாம். கட்டைகளின் கீழே உள்ள தொடர்புக் கம்பிகள் அழுக்கேறும், குமிழ்கள் கரகரக்கும், நம் ஊர் ஈரப்பதம் இரண்டையும் விரைவுபடுத்தும். அமெரிக்காவிலிருந்து வந்ததென்றால் 230 வோல்ட்டுக்கு மாற்றியிருக்கிறார்களா என்று பார்க்காமல் பிளக்கைச் செருகாதீர்கள். மோக் நிறுவனம் 2016இல் மாடல் டியை மறுபடி செய்து, 2017இல் நிறுத்தி, 2022இல் மீண்டும் கொண்டுவந்தது. அருமையான கருவி, ஆனால் அதுவும் பெரிய செலவுதான். பெஹ்ரிங்கர் நிறுவனத்தின் சின்னப் பெட்டி அதில் ஒரு சிறு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. கட்டைகள் கிடையாது, தனியே ஒரு கீபோர்டை இணைக்க வேண்டும், சத்தம் விலைக்கு மேல்.

இதையெல்லாம் வாங்கும் முன், ஐபேடிலோ கணினியிலோ மினிமோக் மென்பொருள் ஒன்றைப் போட்டுக்கொண்டு, முன்கூட்டியே செய்துவைத்த சத்தங்களைத் தொடாமல், ஒரு ஆசிலேட்டரை மட்டும் திறந்து ஃபில்டரைத் திருப்பிப் பழகுங்கள். பிறகு இரண்டாவதைச் சேர்த்து, மயிரிழை சுருதி விலக்கி, அந்த உரசலைக் கேளுங்கள். அசல் பெட்டியில் சத்தத்தைச் சேமிக்க நினைவகமே கிடையாது, பேனல் படம் அச்சிட்ட தாளில் குமிழ்களின் நிலையைப் பேனாவால் குறித்துவைத்தார்கள். நீங்களும் அப்படியே ஒரு நோட்டில் குறித்து, மறுநாள் அதைப் பார்த்து முதலிலிருந்து அமைத்துப் பாருங்கள். ஒரு மாதம் இதில் சலிக்காமல் இருந்தீர்களானால் தாராளமாகப் பணத்தை எடுக்கலாம்.