குளம் ஒன்று, பெயர் மூன்று

கேள்வி: அண்ணாச்சி, நாங்குநேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். எங்கள் வட்டாரத்துக் குளங்களை நம்பி வரும் நீர்ப்பறவைகளுக்காக ஒரு வாழிடப் பாதுகாப்புத் திட்டம் எழுத நாலு கல்லூரி ஆசிரியர்களும் சில பறவை ஆர்வலர்களும் சேர்ந்திருக்கிறோம். அறிவியல் வேலைகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது. ஒருவர் பறவை எண்ணுகிறார், ஒருவர் தண்ணீரைச் சோதிக்கிறார், ஒருவர் மீன் பார்க்கிறார். மூன்று கூட்டம் போட்டும் ஒருவர் கணக்கு இன்னொருவர் கணக்கோடு ஒட்டவில்லை. ஒருவர் தன் தரவைத் தரவே மாட்டேன் என்கிறார். எங்கே தொடங்க?

பதில்: தங்கச்சி, நாலாவது கூட்டத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். அதற்குள் ஏதாவது ஒரு குளத்தில் மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடும் நீர்பாய்ச்சியையும் மீன் குத்தகைக்காரரையும் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள். உங்கள் குழுவில் யாரும் இன்னும் அவர்களிடம் பேசவில்லை என்பது கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது.

கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டுகின்றன. மரத்தடியில் தண்ணீர் நிற்கும்வரை நாய், நரி நெருங்காது. குஞ்சுகள் பறக்கக் கோடை வந்துவிடும். அதே மாதங்களில்தான் பிசான நெல்லுக்குக் கடைசித் தண்ணீர் போகும், குத்தகைக்காரர் மீன் பிடிப்பார், தண்ணீர் வற்றியதும் வண்டல் அள்ள லாரி இறங்கும். பறவைகளின் தலையெழுத்து இந்த மூன்று முடிவுகளில் இருக்கிறது. எந்தக் குளத்தில் யார், எந்த வாரம் அந்த முடிவை எடுக்கிறார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் ஆய்வுக்கான கேள்வி அந்தத் தாளில் கிடைக்கும்: மார்ச் மாதம் எத்தனை அடித் தண்ணீர் நின்றால் குஞ்சு பிழைக்கும்?

இந்தக் கேள்வி கையில் இருந்தால் மூன்று பேருக்கும் வேலை தானாகப் பிரியும். தண்ணீர் சோதிப்பவர் அமில காரத் தன்மையோடு நிற்காமல் மடைப்பக்கம் ஓர் அளவுகோல் நட்டு வாரந்தோறும் ஆழம் குறிப்பார். மீன் பார்ப்பவர் அதே வாரம் அதே குளத்தில் மாதிரி எடுப்பார். பறவைக்காரர் தலைகளை மட்டும் எண்ணாமல் கூடுகளையும், பறந்துபோன குஞ்சுகளையும் எண்ணுவார். மூன்று கணக்கும் ஒட்டாமல் போனதற்கு, ஆளுக்கொரு குளம், ஆளுக்கொரு மாதம் என்று போனதுதான் காரணமாக இருக்கும்.

அடுத்தது குளப் பட்டியல். சலிப்பான வேலைதான், ஆனால் மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கும். நம் ஊரில் ஒரே குளத்துக்கு வருவாய்ப் பதிவேட்டில் ஒரு பெயர், ஊர்க்காரர் வாயில் ஒரு பெயர், பறவை எண்ணப் போனவர் நோட்டில் இன்னொரு பெயர். ஆகவே குளத்துக்கு ஓர் எண் கொடுத்து, அட்சரேகை தீர்க்கரேகை போட்டு, எல்லாப் பெயர்களையும் அதன் கீழ் எழுதுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதும் வேண்டும்: மணிமுத்தாறு கால்வாயா, பச்சையாறா, நம்பியாறா, வெறும் மழையா? குளம் யாருடையது என்பதும் வேண்டும். ஆயக்கட்டு, அதாவது குளத்துத் தண்ணீர் பாயும் வயல் பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேலிருந்தால் நீர்வளத்துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். கூந்தன்குளம் 1994-இல் சரணாலயமானது, 2022-இல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. ஆனால் அங்கே கூடு கட்டும் நாரை இரை தேடிப் போகும் மற்ற குளங்களுக்கு அந்தக் காவல் கிடையாது. 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள் பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலைகளை வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. நம் குளங்களில் பெரும்பாலானவை வேறெதற்கு வெட்டப்பட்டன? அதனால் சட்டத்தைக் காட்டித் திட்டம் போட முடியாது. குளத்துக்கு உரியவர்களோடு உட்கார்ந்துதான் போட வேண்டும். திருப்புடைமருதூர்க்காரர்கள் ஊருக்குள் நிற்கும் மரங்களில் பறவைகளைக் காத்துவந்தார்கள். 2005-இல் அந்த இடம் நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பிடமாக (Conservation Reserve) அறிவிக்கப்பட்டது. ஒருமுறை போய்ப் பாருங்கள், ஊரார் இல்லாத திட்டம் எவ்வளவு வெற்றுத்தாள் என்று புரியும்.

எண்ணுவதில் நான் பட்ட அசிங்கம் ஒன்றையும் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் இரண்டு குழுவாகப் பிரிந்து பக்கத்துப் பக்கத்துக் குளங்களில் கூழைக்கடா எண்ணினோம். நாங்கள் காலை ஏழு மணிக்கு, அவர்கள் ஒன்பது மணிக்கு. இரண்டையும் கூட்டிப் பெருமையாக எழுதிக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது, எங்கள் குளத்திலிருந்து எழும்பிய கூட்டம்தான் அவர்கள் குளத்தில் போய் இறங்கியிருக்கிறது. எண்ணியவர் பெயர், தொடங்கிய நேரம், முடித்த நேரம், நின்ற கரை எல்லாம் ஒரே படிவத்தில் வேண்டும். பறவை இல்லாத குளத்துக்கும் போய்ச் சுழியம் என்று எழுத வேண்டும். போகாத குளத்தைச் சுழியம் என்று எழுதக் கூடாது. தாமிரபரணிப் படுகையில் 2011 முதல் ஜனவரி தோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. புதிதாக ஒரு முறையைக் கண்டுபிடித்துக்கொண்டு இருக்காமல் அதை நடத்துபவர்களின் தேதியோடும் படிவத்தோடும் சேர்ந்துகொள்ளுங்கள். பழைய ஆண்டுகளோடு ஒப்பிட அதுதான் வழி.

தரவு தர மறுப்பவர் மேல் கோபப்படாதீர்கள். ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்தவராக இருக்கும். ஒரு பக்கத்துக்கு எழுத்தில் உடன்பாடு போடுங்கள்: அவர் கட்டுரை வெளிவரும்வரை இத்தனை மாதம் பொறுப்போம், வரைபடத்தில் அவர் பெயர் இருக்கும், கூடு இருக்கும் மரத்தின் துல்லியமான இடத்தை வெளியே விட மாட்டோம். அதற்கும் அசையவில்லை என்றால் அவரை விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

இன்னொன்று. மடையை ஒரு வாரம் முன்னதாக அடைத்தால் கூடுகளுக்கு என்ன ஆகும், வயலுக்கு என்ன ஆகும் என்று சொல்வதோடு ஆய்வாளர் நிறுத்திக்கொள்ள வேண்டும். அடைப்பதா வேண்டாமா என்பது விவசாயிகளும் துறையும் ஊரும் பேசி முடிக்க வேண்டிய விஷயம். அந்தப் பேச்சில் எண்ணைக் கூட்டிக் குறைக்கச் சொல்லி இரண்டு பக்கமும் உங்களைக் கேட்பார்கள். அறிக்கையை வெளியாள் இருவருக்கு, திட்டத்தில் ஆதாயம் இல்லாதவர்களுக்கு, முதலில் படிக்கக் கொடுத்துவிட்டால் அந்த நெருக்கடி பாதி குறையும்.

குளப் பட்டியலில் முதல் இருபது முடிந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். நீர்பாய்ச்சியிடம் பேசப் போகும்போது காலை வெயிலுக்கு முன் போங்கள், மடைப்பக்கம்தான் இருப்பார்.