ராணுவ ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்டால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மெட்ராஸ் ரெஜிமென்டில் பதினேழு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றேன். ஓய்வுக்கு முந்தைய மருத்துவ வாரியம் எனக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதாகவும், ஊனம் 30 சதவீதம் என்றும் பதிந்தது. ஆனால் நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று எழுதிவிட்டதால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. முதலில் நான் என்ன செய்ய வேண்டும்? (தேனி வாசகர்)

பதில்: மேல்முறையீட்டை எழுத உட்காருவதற்கு முன், மருத்துவ வாரிய நடவடிக்கைகளின் முழு நகலை வெலிங்டனில் உள்ள, பணி ஆவணங்களைப் பராமரிக்கும் உங்கள் ரெக்கார்டு அலுவலகத்திடம் கேட்டுப் பெறுங்கள், தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பியுங்கள். அந்த நகலில், பணித் தொடர்பு இல்லை என்பதற்கு வாரியம் காரணம் எழுத வேண்டிய பத்தியைப் பாருங்கள். பெரும்பாலும், ‘நோய் பீஸ் ஸ்டேஷனில் (அமைதிப் பகுதியில்) தொடங்கியது’ என்ற ஒற்றை வரிதான் அங்கே இருக்கும். படையில் சேரும்போது மருத்துவப் பரிசோதனையில் குறிக்கப்படாத நோய் பின்னாளில் வந்தால் அது பணியினால் வந்ததாகவே கொள்ளப்பட வேண்டும், அப்படி இல்லையென்று நிறுவும் பொறுப்பு அரசைச் சார்ந்தது, வாரியம் தன் முடிவுக்குக் காரணம் கூறியாக வேண்டும் என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் மனுவின் முதுகெலும்பு இதுவே.

அடுத்து, எந்த ஆண்டு எங்கே பணியாற்றினீர்கள் என்ற பட்டியலை இணையுங்கள். நோய் கண்டறியப்பட்டது அமைதிப் பகுதியில் என்றாலும், அதற்கு முன் காஷ்மீரிலோ வடகிழக்கிலோ உயர்மலைப் பகுதியிலோ கழித்த காலம் கணக்கில் வர வேண்டும். என் பார்வைக்கு வரும் மனுக்கள் பல, குடும்ப வறுமையை மூன்று பக்கம் விவரித்துவிட்டுப் பணியிடங்களைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்வதில்லை. மேல்முறையீட்டுக் குழு வறுமையைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. நிராகரிப்புக் கடிதம் கிடைத்த ஆறு மாதங்களுக்குள் முதல் மேல்முறையீட்டை அனுப்பிவிடுங்கள். அதுவும் மறுக்கப்பட்டால் இரண்டாம் மேல்முறையீடு உண்டு.

கேள்வி: எனக்கு 20 சதவீத ஊனம். நோயினால் வெளியேற்றப்படாமல் பணிக்காலம் முடிந்து வந்தவர்களுக்கு, ஓய்வூதியக் கணக்கில் அதை 50 சதவீதமாக உயர்த்தித் தர மாட்டார்கள் என்கிறார்களே? (வேலூர் வாசகர்)

பதில்: அந்த வேறுபாட்டை 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கின் தீர்ப்பு நீக்கிவிட்டது. ஊனம் பணித் தொடர்புடையது என்று ஏற்கப்பட்டிருந்தால், பணிக்காலம் முடிந்து வந்தவருக்கும் 20 சதவீதம் 50 ஆகக் கணக்கிடப்படும். ஆனால், பணிக்காலம் முடிந்து வந்தவரின் ஊனம் 20 சதவீதத்துக்குக் குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தால் ஊன ஓய்வூதியமே கிடையாது என்பதை 2019-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது.

கேள்வி: விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது பைக் விபத்தில் கால் முறிந்தது. விடுமுறையும் பணிதானே? (சிவகங்கை வாசகர்)

பதில்: விடுமுறை பணிக்காலமாகக் கணக்கிடப்படுவது வேறு, காயத்துக்கும் ராணுவப் பணிக்கும் தொடர்பிருப்பது வேறு. சொந்த வேலையாகச் சென்றபோது நேர்ந்த விபத்தென்றால், 2011-இல் ஜுஜார் சிங் வழக்கில் வந்த தீர்ப்பு உங்களுக்கு எதிராக நிற்கும். செலவழித்து வழக்காடும்படி நான் சொல்ல மாட்டேன். யூனிட்டிலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்திருந்தால் கதையே வேறு: ரயில் வாரண்ட் (ராணுவம் தரும் ரயில் பயணச் சீட்டு), விடுமுறைச் சான்று, விசாரணை அறிக்கை ஆகியவற்றைத் தொலைத்துவிடாதீர்கள்.

கேள்வி: என் அண்ணன் மனச்சிதைவு நோய் காரணமாக 1990-களில் வெளியேற்றப்பட்டார். அப்போது மறுத்ததை இப்போது கேட்க முடியுமா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. நோயைப் பொறுத்தவரை, சில மனநோய்களைச் சேர்க்கையின்போது கண்டறிய இயலாது என்பதால் பணியினால் வந்ததென்ற அனுமானம் தானாகப் பொருந்தாது என்று 2019-இல் நர்சிங் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. எனினும் 2025 மே மாதம் ராஜுமோன் வழக்கில், இதே நோய்க்கு மருத்துவ வாரியம் காரணம் கூறாமல் அளித்த கருத்தை அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே உங்கள் அண்ணனின் வாரிய நகலில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது.

காலதாமதத்தைப் பொறுத்தவரை, படையினரின் பணி வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அணுகச் சட்டம் தரும் கெடு ஆறு மாதம்தான். ஆனால் ஓய்வூதிய மறுப்பு மாதந்தோறும் தொடரும் குறை என்பதால் தாமதம் பெரும்பாலும் மன்னிக்கப்படுகிறது. 2008-ஆம் ஆண்டின் தர்சேம் சிங் தீர்ப்பின்படி, பொதுவாக நிலுவைத் தொகை மனு தாக்கல் செய்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைக்கும். ஆகவே இனியும் தாமதிக்காமல் ரெக்கார்டு அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் முறையீடு அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஆறு மாதம் பதிலில்லை என்றால் அந்தச் சீட்டோடு தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குச் செல்லலாம். மனு தயாரிக்க உதவி தேவைப்பட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.