தனிக் கான்செப்ட் கொண்ட சிறு பூட்டிக் நிலைக்குமா? அளவுவாரியாகக் கடை நடத்துகிறவளின் பதில்

ஒரு வீட்டைப் போல அறை அறையாகக் கடையை அமைத்து, அங்கே இருக்கும் உடை, விளக்கு, நாற்காலி, பீங்கான் என எல்லாவற்றையும் விற்கும் பூட்டிக் தொடங்க நினைப்பதாகவும், இத்தகைய கடைகள் உண்மையில் நிலைக்குமா அல்லது பத்திரிகைப் படங்களுக்கு மட்டும்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் பிற்பாதியை என் கடைக்குள் நின்றுகொண்டே, என் முகத்துக்கு நேராகவே, பலர் கேட்டிருக்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகப் பதில் எழுதுகிறேன். நிலைக்கும். ஆனால் விற்காமல் தேங்கும் சரக்கு கடைசியில் யார் தலையில் விழும் என்பதற்கு உங்கள் கான்செப்ட் ஒரு வழி சொல்ல வேண்டும். அதைச் சொல்லாத கான்செப்ட் உள் அலங்காரத்தோடு நின்றுவிடும்.

நீங்கள் இப்போது ஏதோ ஒரு வேலையில் இருக்கிறீர்கள், கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, ஓர் இடத்தைப் பார்த்துவிட்டீர்கள், சுவரின் நிறம் வரைக்கும் மனத்துக்குள் முடிவாகிவிட்டது என்று ஊகிக்கிறேன். இந்தக் கட்டத்தில் எல்லோரும் சுவரைப் பற்றியே பேசுவார்கள். சரக்கைப் பற்றிப் பேச ஆள் கிடைக்க மாட்டார்.

பெயர்பெற்ற கடைகளை இந்தக் கண்ணோடு பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸில் ஃபிரெட் சீகல் 1960களில் தொடங்கி வளர்த்த கடையின் சிறப்பு, ஒரே கூரையின் கீழ் இருந்த பல சிறு கடைகளை வெவ்வேறு ஆட்கள், அவர்களில் சிலர் அவரிடமே வேலை பார்த்தவர்கள், தத்தம் பொறுப்பில் நடத்தியதுதான். வாங்க வந்தவருக்கு அது ஒரே கடையாகத் தெரிந்தது. சரக்கின் சுமை பலர் தோளில் பிரிந்து கிடந்தது. ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் ரே கவாகுபோவும் அவர் கணவர் ஏட்ரியன் ஜாஃபியும் 2004இல் லண்டனில் திறந்த டோவர் ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் வடிவமைப்பாளர்கள் பலர் தங்களுக்கான இடத்தைத் தாங்களே அமைக்கிறார்கள். ஆண்டுக்கு இரு முறை கடையைச் சில நாட்கள் மூடி, புதிதாக அடுக்கித் திறக்கிறார்கள். அதே ஆண்டில் அவர்களுடைய கொம் தெ கார்சோன் நிறுவனம் பெர்லினில் தொடங்கிய ‘கெரில்லா’ கடைகளின் விதிகளை நான் இன்றும் வியப்போடு நினைப்பதுண்டு. ஓராண்டுக்கு மேல் கடை நடக்கக் கூடாது. இடத்தைப் பெரிதாகச் செப்பனிடக் கூடாது. வாடகை, கடையை நடத்தும் கூட்டாளியின் பொறுப்பு. விற்காத சரக்கை நிறுவனமே திரும்ப எடுத்துக்கொள்ளும். பார்ப்பவர் கண்ணுக்கு அது கலகம் போலத் தெரிந்தாலும், உள்ளே இருந்தது கச்சிதமான வணிகக் கணக்கு. நியூயார்க்கில் ரேச்சல் ஷெக்ட்மன் 2011இல் தொடங்கிய ஸ்டோரி என்ற கடை நான்கு முதல் எட்டு வாரங்களுக்கு ஒரு முறை கருப்பொருளையும் சரக்கையும் மாற்றியது. பத்திரிகைகள் விளம்பரதாரரிடம் வாங்குவதைப் போல நிறுவனங்களிடம் ஆதரவுத் தொகை வாங்கியதால், அந்தக் கடையின் வருமானம் கல்லாப்பெட்டியை மட்டும் நம்பியிருக்கவில்லை. 2018இல் மேசீஸ் என்ற பெரிய அங்காடி நிறுவனம் அதை வாங்கியது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பார்பரா ஹுலானிக்கியின் பிபா, லண்டனில் 1964இல் சிறு கடையாக இருந்தபோது மலிவான, வேகமாக மாறும் உடைகளால் கூட்டத்தைக் கட்டிப்போட்டது. 1973இல் அது ஏழு மாடிக் கட்டடத்துக்குக் குடியேறி ‘பிக் பிபா’ ஆனது. காட்சிச் சாளரங்களில் சரக்குக்குப் பதிலாக மக்கள் உட்கார இருக்கைகள் போடப்பட்டன. மக்களும் உட்கார்ந்தார்கள், சுற்றிப் பார்த்தார்கள், மகிழ்ந்தார்கள், பலர் எதையும் வாங்காமல் வெளியேறினார்கள். முதலீட்டாளர்களோடு ஏற்பட்ட பிணக்கும் அன்றைய பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள, 1975இல் கடை மூடப்பட்டது. அழகுக்கு அங்கே எந்தக் குறையும் இருந்ததில்லை.

உங்களுடைய வீட்டுக் கடைக்கும் முன்னோடி இருக்கிறது. தி லைன் என்ற நிறுவனம் 2013இல் நியூயார்க்கின் சோஹோ பகுதியில் கடையை ஒரு குடியிருப்பைப் போலவே அமைத்து, உள்ளே இருந்தவற்றை விற்பனைக்கு வைத்தது. இந்த அமைப்பில் உள்ள சிக்கலை நீங்கள் முதல் வாரத்திலேயே சந்திப்பீர்கள். ஒருவர் நாற்காலியை வாங்கிக்கொண்டு போய்விட்டால் அறை பொக்கையாகிவிடும். ஆகவே ஒவ்வொரு பொருளிலும் இரண்டாவது ஒன்றைக் கிடங்கில் வைத்திருக்க வேண்டும், அல்லது அறையில் இருப்பது மாதிரி மட்டுமே என்று சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டு பிறகு வரவழைத்துத் தர வேண்டும். முதல் வழியில் உங்கள் பணம் முடங்கும்; இரண்டாவதில் வாடிக்கையாளரின் பொறுமை சோதிக்கப்படும். இரண்டில் எது என்பதை வண்ணம் பூசுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

இனி என் கதை. என் பூட்டிக்கில் உடைகள் வகைவாரியாகவோ நிறவாரியாகவோ தொங்குவதில்லை, அளவுவாரியாகத் தொங்குகின்றன. உங்கள் அளவுக்குரிய பகுதிக்குச் சென்றால், சட்டை, கால்சட்டை, கவுன், குளிராடை என்று கடையில் உங்களுக்குப் பொருந்தக்கூடிய அனைத்தும் ஒரே இடத்தில் இருக்கும். பொருந்தாத எதையும் நீங்கள் தொட்டுப் பார்த்து ஏமாற வேண்டியதில்லை. இதை நான் கண்டுபிடித்தேன் என்று எங்கும் சொன்னதில்லை. பழைய உடைகளை விற்கும் கடைகளில் இந்த முறை உண்டு, ஏனெனில் அங்கே ஒவ்வொன்றும் ஒற்றை உருப்படி. புதுச் சரக்கு விற்கும் கடையில் இதைச் செய்வதுதான் கடினம்; அதைச் செய்து காட்டியிருக்கிறேன் என்ற பெருமை எனக்கு உண்டு, அதை மறைக்கவும் விரும்பவில்லை.

கடினம் எங்கிருந்து வருகிறது என்றால், உற்பத்தியாளர்கள் எல்லா அளவுகளும் கலந்த செட்டாகத்தான் தருவார்கள். நடு அளவுகள் இரண்டிரண்டு, மிகச் சிறியதும் மிகப் பெரியதுமான ஓர அளவுகள் ஒவ்வொன்று என்பது போன்ற விகிதத்தில் கட்டப்பட்ட செட்டை உடைத்துக் கேட்டால், மீதியை யாரிடம் விற்பது என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள், அதுவும் நியாயமே. சாதாரணக் கடையில் ஓர அளவுகள் கம்பியின் கோடியில் ஒதுங்கித் தொங்கிப் பருவ முடிவில் தள்ளுபடியில் கரையும், யார் கண்ணிலும் உறுத்தாது. அளவுவாரிக் கடையில் அப்படி ஒளிக்க இடமே கிடையாது. பெரிய அளவுப் பகுதியில் நான்கு உடைகள் மட்டும் தொங்கினால், உள்ளே நுழைந்த பெண்ணுக்கு நீங்கள் அவளைப் பொருட்படுத்தவில்லை என்பது வாசலிலேயே தெரிந்துவிடும். எனவே செட்டை உடைத்துத் தரச் சம்மதித்த உற்பத்தியாளர்களிடம் மட்டுமே வாங்குவது என்று முடிவெடுத்தேன். பெயர்பெற்ற சிலரின் சரக்கு இதனால் என் கடைக்கு வரவே இல்லை. சம்மதித்தவர்கள் பெரும்பாலும் சிறு பட்டறைக்காரர்கள். எந்த அளவு எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்ற என் கணக்கை நான் மாதந்தோறும் அவர்களுக்குக் காட்டியதால், அடுத்த முறை என்ன தைப்பது என்பதை அவர்களும் அதைப் பார்த்தே முடிவு செய்யத் தொடங்கினார்கள்.

அடுத்தது உடையின் சீட்டில் அச்சிட்டிருக்கும் அளவு. ஒருவரின் ‘மீடியம்’ இன்னொருவரின் ‘லார்ஜ்’ என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அமெரிக்காவில் 1939, 1940 ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 பெண்களின் உடலில், ஒவ்வொருவரிடமும் 50க்கும் மேற்பட்ட இடங்களில், அளவெடுத்துத் தொகுத்தார்கள். அந்தத் தொகுப்பின் அடிப்படையில் 1958இல் பெண்கள் உடைக்கு ஒரு தர அளவு வெளியிடப்பட்டது. யாரையும் கட்டாயப்படுத்தாத அந்தத் தர அளவை 1983இல் அரசே விலக்கிக்கொண்டது. ஆகவே சீட்டை நம்பி அளவுவாரியாக அடுக்கினால் என் கடையே பொய்யாகிவிடும். வந்து இறங்கும் ஒவ்வோர் உடையையும் மேசையில் பரப்பி, மார்பு, இடுப்பு, இடுப்பின் கீழ்ச்சுற்று, தோள், நீளம் என்று நாடா வைத்து அளந்து, கடையின் சொந்த எண்ணைக் குறித்த பிறகே மாட்டுகிறோம். ஒரே கட்டில் ஒரே அளவுச் சீட்டோடு வந்த இரண்டு சட்டைகள் வெவ்வேறு பகுதிகளுக்குப் போவது எங்களுக்குச் சாதாரணம். இந்த வேலைக்குக் கூலி உண்டு, அது விலையில் ஏறத்தான் செய்யும். ஆனால் மாற்றித் தரச் சொல்லித் திரும்பி வரும் உடைகள் அரிதாகிவிட்டன, உடை மாற்றும் அறையில் அழுகையும் குறைந்துவிட்டது. அழுகை என்று மிகைப்படுத்தி எழுதவில்லை. துணிக்கடையில் வேலை பார்த்த எவரையும் கேளுங்கள்.

உடலை எண்ணாக்கி மூலையில் நிறுத்துகிறாய், பெரிய அளவுப் பகுதிக்கு எல்லோர் கண்ணெதிரே எந்தப் பெண் நடந்து செல்வாள் என்று சிலர் கோபிப்பார்கள். அந்தக் கோபத்தில் உண்மை இருக்கிறது, அதற்காகவே கடையின் மற்றப் பாதி இருக்கிறது. பைகள், கழுத்துத் துணிகள், குறிப்பேடுகள், பீங்கான் குவளைகள், மெழுகுத் திரிகள் போன்ற, அளவு பார்க்கத் தேவையில்லாத பொருட்களைத் தனி அலமாரியில் சேர்க்காமல், எல்லா அளவுப் பகுதிகளிலும் கலந்து வைத்திருக்கிறேன். மிகச் சிறிய அளவு அணிபவர் பை பார்க்க வேண்டுமென்றால் மிகப் பெரிய அளவுப் பகுதிக்குள் போய்த்தான் ஆக வேண்டும். யார் எதற்காக எங்கே நிற்கிறார் என்று யாராலும் சொல்ல முடியாது. உடைகளுக்கு நடுவே பீங்கான் எதற்கு என்று கணக்காளர்கூடக் கேட்டிருக்கிறார். என் கடையில் பீங்கான் விற்பனைப் பொருள் மட்டுமல்லாமல் ஒரு திரையும்கூட. வாழ்வியல் பொருட்களை வைக்கும் பூட்டிக்குகள் பெரும்பாலும் லாப விகிதத்துக்காகவும், அளவுத் தேக்கம் இல்லாத சரக்கு என்பதற்காகவும் அவற்றை வைக்கின்றன. அந்த நன்மைகள் எனக்கும் கிடைக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கணவர் சம்பாத்தியத்தில் நடக்கும் பொழுதுபோக்குக் கடை என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வரி எழுதிவிடுகிறேன்: வாடகையும் சம்பளங்களும் கடையின் வருமானத்திலிருந்தே போகின்றன, நான் சம்பளம் எடுத்துக்கொள்ளாமல் தொண்டு செய்யவில்லை. பெரும் லாபம் என்றும் சொல்லவில்லை. எல்லா வகைக் கடைக்கும் இம்முறை பொருந்தும் என்றும் சொல்லவில்லை. திருமண உடை விற்கிறவருக்கு இது சற்றும் உதவாது.

ஆனால் ஒரு மனத்தாங்கலை எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் எண்ணைத் தெரிந்துகொள்வதற்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள். நிதானமாக ஐந்தாறு உடைகளைப் போட்டுப் பார்ப்பார்கள், எந்த நிறுவனத்தின் எந்த அளவு தங்களுக்குச் சரியாக இருக்கிறது என்று சீட்டைப் படமெடுப்பார்கள், யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே போய் இணையத்தில் அதையே வாங்குவார்கள். நாடா பிடித்து அளந்தவளின் கூலி அந்த இணையக் கடையின் தள்ளுபடிக்கு உரமாகிறது. இதையாவது தனிமனிதர்களின் சிக்கனம் என்று பொறுத்துக்கொள்ளலாம். பெரிய ஆடைச் சங்கிலி ஒன்றிலிருந்து இரண்டு பேர் வந்து, கூட்டு முயற்சி பற்றிப் பேச வேண்டும் என்று சொல்லி, நாங்கள் எப்படி அளக்கிறோம், எப்படி எண் இடுகிறோம் என்பதையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள். பிறகு பேச்சுமூச்சில்லை. அடுத்த பருவத்தில் அவர்களுடைய கடையில் ‘உங்கள் அளவில் எல்லாம்’ என்ற பலகையோடு ஒரு மூலை முளைத்தது. நேரில் போய்ப் பார்த்தேன். மூன்று அளவுகள், அச்சிட்ட சீட்டு அப்படியே, ஓர அளவுகள் ஒன்றுகூட இல்லை. பலகையை எடுத்துக்கொண்டு போனவர்களுக்குச் செட்டை உடைக்கும் தொல்லை மட்டும் வேண்டியிருக்கவில்லை. சில மாதங்களில் அந்த மூலையும் மறைந்தது; வாடிக்கையாளர்கள் இந்த முறையை விரும்பவில்லை என்று அவர்கள் முடிவுசெய்ததாகக் கேள்விப்பட்டபோது வந்த எரிச்சல் இன்னும் தணியவில்லை.

ஒன்றை மட்டும் அந்த நிகழ்விலிருந்து உங்களுக்குச் சொல்ல முடியும். உங்கள் கான்செப்ட்டில் பிறர் எளிதில் நகலெடுக்கக்கூடிய பகுதி எது என்று பார்த்து, அதற்குக் குறைவாகச் செலவிடுங்கள். அறை, விளக்கு, வாசனை, பலகை எல்லாம் நகலாகும். நெடுநாள் பழகிய பட்டறைக்காரர் உங்களுக்காக மட்டும் செட்டை உடைப்பது நகலாகாது. பாரிஸின் கொலெட் என்ற கடை 1997 முதல் 2017 வரை இருபது ஆண்டுகள் நடந்து, புகழின் உச்சியில் இருக்கும்போதே மூடப்பட்டது. அதை நிறுவிய கொலெட் ருசோ என்ற பெண்மணி ஓய்வெடுக்க விரும்பியதும், அவரில்லாமல் கடை இல்லை என்று அவருடைய குடும்பம் முடிவு செய்தது. சரக்கைத் தேர்ந்தெடுத்த ஆட்கள்தான் அங்கே கடையாக இருந்தார்கள்.

ஆகவே இடத்துக்காரரிடம் ஒப்பந்தம் போடுவதை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். அந்த மாதத்தில் உங்களுக்குப் பிடித்த நாற்காலிக்காரர், விளக்குக்காரர், பீங்கான்காரர், உடை தைப்பவர் ஆகியோரிடம் சென்று, ஓர் உருப்படியை மாதிரியாக அறையில் வைத்துக்கொண்டு, விற்ற பிறகு பணம் தருவதற்கும், விற்காவிட்டால் குறித்த காலத்தில் திருப்பி எடுத்துக்கொள்வதற்கும் அவர்கள் சம்மதிப்பார்களா என்று கேளுங்கள். சம்மதித்தால் எழுதி வாங்குங்கள், சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுதுங்கள், அவர்களுக்குத் தர வேண்டிய பணத்தைச் சொன்ன தேதியில் கொடுங்கள். ஒருவரும் சம்மதிக்கவில்லை என்றால் வீடு போன்ற அமைப்பைக் கைவிட்டு ஒரே ஓர் அறையோடு தொடங்குங்கள். அந்த அறைக்குப் போதுமான சரக்கை மட்டும் சொந்தப் பணத்தில் வாங்கினால் தேக்கம் எவ்வளவு வரும் என்பதை ஒரு பருவத்துக்குள் தெரிந்துகொள்ளலாம்.