ஜீப் இருக்கட்டும், டாப்-அப் வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 42, ஊர் பொள்ளாச்சி பக்கம். கையில் வரும் சம்பளம் 72,000. 2022-ல் மூன்று லட்சம் பர்சனல் லோன் போட்டு, மூன்று வருஷத் தவணையில், 1991 மாடல் மஹிந்திரா எம்எம்540 ஜீப் ஒன்றை வாங்கினேன். என்ஜின் வேலை, டிங்கரிங், பெயிண்டிங், புது ஹூட் (மேல் துணிக்கூரை) என்று மூன்று முறை டாப்-அப் (ஓடும் கடன் மேலேயே கூடுதல் கடன்) எடுத்ததில் இப்போது பாக்கி 6.4 லட்சம். வட்டி 14 சதவீதம், இன்னும் 48 மாதம், மாதம் 17,500. நீலகிரியில் ஒரு எஸ்டேட்டில் 1962 மாடல் வில்லீஸ் ஜீப் ஒன்று 5.5 லட்சத்துக்கு வருகிறது என்கிறான் மச்சினன். சரிசெய்து கல்யாணத்துக்கும் போட்டோ ஷூட்டுக்கும் வாடகைக்கு விடலாம், மூன்று வருஷத்தில் விலை ரெட்டிப்பாகும் என்கிறான். வங்கி இன்னும் நாலு லட்சம் டாப்-அப் தரத் தயார். எஃப்டி 1.8 லட்சம் இருக்கிறது. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பழைய ஜீப்பில் ஒருமுறை லடாக் போய்வர வேண்டும் என்ற ஆசையும் உண்டு. வில்லீஸை வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஆனால் என்னைக் கவலைப்பட வைத்தது வில்லீஸ் இல்லை, 'மூன்று முறை டாப்-அப்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். முதல் கடனை மாதம் சுமார் 10,250 வீதம் கட்டிக்கொண்டே வந்திருந்தால் 2025-லேயே கணக்கு முடிந்து, இன்றைக்கு ஜீப்பும் உங்களுடையது, சம்பளமும் உங்களுடையது. நடந்தது என்ன? அசல் கொஞ்சம் இறங்கும் நேரம் பார்த்து ஒரு போன் வரும், 'சார், உங்களுக்கு எலிஜிபிலிட்டி இருக்கு'. பட்டறையில் அதே வாரம் கியர்பாக்ஸில் ஏதோ சத்தம் கேட்கும். பணம் வாங்குவீர்கள், தவணைக் காலம் மறுபடி நீளும். இந்த மாதம் நீங்கள் கட்டும் 17,500-ல் ஏறக்குறைய 7,500 வட்டிக்கே போகிறது.

நாலாவது டாப்-அப்பையும் வாங்கினால் பாக்கி 10.4 லட்சம். ஐந்து வருஷத் தவணை என்றால் மாதம் சுமார் 24,200, அதாவது சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு, மகள் காலேஜ் போகும் வருஷங்கள் முழுக்க. மொத்தமாக 14.5 லட்சம் கட்டுவீர்கள். இன்னொன்று, டாப்-அப் என்று சொன்னாலும் சில இடங்களில் புதுக் கடன் போட்டுப் பழையதை அடைப்பார்கள். அப்போது செயலாக்கக் கட்டணம் நாலு லட்சத்துக்கு இல்லை, 10.4 லட்சத்துக்கு. இரண்டு சதவீதமும் ஜிஎஸ்டியும் சேர்த்தால் 24,500 ரூபாய் அங்கேயே போச்சு. முந்தைய மூன்று முறையும் இப்படிப் பிடித்தார்களா என்று ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பாருங்கள்.

சரி, மச்சினர் கணக்கு. டாப்-அப் நாலு லட்சம், எஃப்டி 1.8, ஆக 5.8. வண்டி 5.5. மிச்சம் முப்பதாயிரத்தில் 1962 ஜீப்புக்கு டயர் மாட்டலாம். பாக்கி வேலைக்குக் குறைந்தது மூன்று லட்சம் வைத்துக்கொள்ளுங்கள், எம்எம்540 உங்களுக்கு இதற்குள் காட்டியிருக்கும். அது எங்கிருந்து வரும்? ஐந்தாவது டாப்-அப். சரி, எப்படியோ வந்துவிட்டது, அவர் சொன்னபடியே விலையும் ரெட்டிப்பாகி 11 லட்சத்துக்கு ஆள் கிடைத்துவிட்டார் என்றே வையுங்கள். வண்டி 5.5, வேலை 3, நாலு லட்சத்துக்கு மட்டும் மூன்று வருஷ வட்டி 1.3, அதோடு கடன் கட்டணம். பத்து லட்சம் தாண்டிவிட்டது. இன்சூரன்ஸையும் மழைக்காலப் பராமரிப்பையும் இன்னும் சேர்க்கவில்லை. கனவு முழுசாகப் பலித்தாலே இவ்வளவுதான்.

வாடகை யோசனை இன்னும் மோசம். 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. கட்டணம் கட்டி விண்டேஜ் பதிவு வாங்கலாம். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம், புதிதாகப் பதிவாகும் வண்டிக்குத்தான் நம்பர் பிளேட்டில் 'விஏ' எழுத்து வரும். ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சி, ராலி, எரிபொருள், ரிப்பேர் மாதிரிக் காரியங்களுக்கு மட்டுமே ரோட்டில் இறக்கலாம், வியாபாரத்துக்குக் கூடவே கூடாது. சாதாரண வெள்ளை போர்டில் வைத்துக்கொண்டாலும் வாடகைக்கு விட அனுமதி இல்லை. கல்யாண ஊர்வலத்தில் யார் மேலாவது இடித்துவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது 'வாடகைக்கா போனது?' என்றுதான்.

அதுவும் உண்மையான வில்லீஸா என்று யார் பார்த்தார்கள்? மஹிந்திரா 1947-ல் பம்பாயில் வில்லீஸ் ஜீப்புகளைக் கோத்து விற்க ஆரம்பித்து, பிறகு அதே உருவத்தில் பல பத்தாண்டுகள் தயாரித்தது. ஆகவே உருவத்தைப் பார்த்து வருஷம் சொல்ல முடியாது. ஹரியானாவின் டப்வாலியில் புதுத் தகட்டில் பழைய ஜீப் கட்டித் தருகிறார்கள், பார்க்க அச்சு அசல். எஸ்டேட் ஜீப்புகளில் பெட்ரோல் என்ஜினைக் கழற்றி டீசல் என்ஜின் ஏற்றியிருப்பதும் சகஜம். ஆர்சி-யில் பெட்ரோல் என்று இருந்து, சேஸிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் அதோடு ஒத்துப்போகாவிட்டால் விண்டேஜ் பதிவு கனவுதான், ஏனென்றால் விதி அசல் நிலையைக் கேட்கிறது. இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் இதைச் 'சேகரிப்பு முதலீடு' என்று சொல்ல மாட்டேன். பழைய கார், கைக்கடிகாரம், ஓவியம் எல்லாவற்றையும் பங்கு பங்காகப் பிரித்து விற்கும் புது ஆப்கள் பக்கமும் தயவுசெய்து போகாதீர்கள். வாங்குவது ரொம்ப சுலபம், விற்கப் போகும்போதுதான் தெரியும்.

மச்சினருக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தால் கடனும் அவர் பெயரில், ஆர்சி-யும் அவர் பெயரில் இருக்கட்டும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போய் ஸ்பானர் எடுத்துக் கொடுங்கள், உறவும் கெடாது. இதை மனைவி பக்கத்தில் இருக்கும்போதே சொல்லுங்கள், இல்லாவிட்டால் கதை வேறு மாதிரி அவர் காதுக்குப் போகும்.

எம்எம்540-ஐ விற்கச் சொல்வேன் என்று பயந்திருப்பீர்கள். இல்லை. அதை முதலீடு என்று சொல்வதை மட்டும் நிறுத்துங்கள், அது உங்கள் செலவு. மாதம் 4,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போடுங்கள். அதில் சேர்ந்த அளவுக்கு மட்டும் பட்டறை வேலை. பணம் சேரவில்லையா, ஹூட் கிழிந்தபடியே ஓடட்டும்.

லடாக்? போக வர ஏழாயிரம் கிலோமீட்டர் இருக்கும். லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் கொடுத்தாலும் டீசலுக்கு மட்டும் அறுபதாயிரத்துக்குமேல். வழியில் டெல்லி சுற்றுவட்டாரம் வேறு, பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு அங்கே 2015-லிருந்து தடை உத்தரவும் வழக்குமாக இழுபறி. உங்கள் வீட்டிலிருந்து கிளம்பினால் ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. 62 குதிரைத்திறன் என்ஜினுக்கு அது போதாதா? லடாக்கைக் கடன் முடிந்த வருஷத்துக்கு வையுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: எஃப்டியில் 80,000 அவசரத்துக்கு விட்டுவிட்டு, ஒரு லட்சத்தைக் கடனில் அசலாகக் கட்டுங்கள். எஃப்டி தருவது ஏழு சதவீதம் இருந்தால் பெரிசு, கடன் தின்பது 14. தவணை அதே 17,500 இருந்தால் 48 மாதம் ஏறக்குறைய 39 ஆகும். ஒரு லட்சம் கட்டி, ஒன்றரை லட்சத்துக்குமேல் கட்டாமல் தப்பிக்கிறீர்கள். இடையில் கட்டுவதற்குக் கட்டணம் உண்டா என்று முதலில் கேளுங்கள். கட்டும்போது 'தவணைத் தொகையைக் குறைக்க வேண்டாம், மாதங்களைக் குறைக்கவும்' என்று எழுதிக் கொடுங்கள், கேட்காவிட்டால் பல இடங்களில் தொகையைத்தான் குறைப்பார்கள். அப்படியே டாப்-அப் அழைப்புகள் வேண்டாம் என்றும் அதே தாளில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.