‘காவல்துறை அறிக்கை சாதகமாக இல்லை’: இந்த ஒரு வரியோடு முன்விடுதலையை மறுக்கலாமா?

கேள்வி: என் அண்ணன் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று, விசாரணைக் காலத்தையும் சேர்த்து 17 வருடங்களாகச் சிறையில் இருக்கிறார். ஐந்து முறை பரோலில் வந்து, ஐந்து முறையும் நாள் தவறாமல் திரும்பிப் போனார். முன்விடுதலைக்காக, அதாவது தண்டனை முடியும் முன்பே விடுவிப்பதற்காக, அவர் பெயர் அதைப் பரிசீலித்துப் பரிந்துரைக்கும் அறிவுரைக் கழகத்துக்குப் போனது. இப்போது, “காவல்துறை அறிக்கை சாதகமாக இல்லாததால் நிராகரிக்கப்படுகிறது” என்று ஒரே வரியில் ஆணை வந்திருக்கிறது. நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, அந்த ஆணையைப் பத்திரமாக வையுங்கள். நீதிமன்றத்தில் உங்கள் அண்ணனுக்குக் கைகொடுக்கப்போவதே அந்த ஒரு வரிதான்.

14 வருடம் முடிந்தால் வெளியே வந்துவிடலாம் என்று ஊரில் பேசிக்கொள்வது தப்பு. ஆயுள் தண்டனை என்றால் சட்டப்படி ஆயுள் முழுக்கத்தான்; மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றம் என்றால், அரசு தண்டனையைக் குறைப்பதற்கே குறைந்தது 14 வருடம் உள்ளே இருந்தாக வேண்டும் என்பதுதான் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433ஏ பிரிவும், அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 475-ஆவது பிரிவும் சொல்வது. ஆனால் தகுதி வந்த கைதியை நியாயமாகப் பரிசீலிக்க வேண்டியது அரசின் கடமை. 2025 பிப்ரவரி 18-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: முன்விடுதலைக்குக் கொள்கை வகுத்திருக்கும் மாநிலத்தில் கைதி மனு போடாவிட்டாலும் அரசே பரிசீலிக்க வேண்டும், முடிவுக்குக் காரணம் எழுத வேண்டும், அதைக் கைதிக்கு உடனே தெரிவிக்க வேண்டும், நிராகரித்தால் எதிர்த்து வழக்குப் போடலாம் என்பதையும் அவருக்குச் சொல்ல வேண்டும்.

என்ன காரணம் எழுத வேண்டும் என்பதற்கும் அளவுகோல் இருக்கிறது. லக்ஷ்மண் நஸ்கர் வழக்கில், 2000-த்திலேயே, உச்ச நீதிமன்றம் சில கேள்விகளை வைத்தது. குற்றம் சமூகத்தைப் பாதிக்காமல் தனிப்பட்ட ஒன்றாக நின்றதா, மறுபடி செய்ய வாய்ப்பிருக்கிறதா, குற்றம் செய்யும் திறன் இன்னும் இருக்கிறதா, இனியும் உள்ளே வைத்திருப்பதால் பயன் உண்டா, குடும்பத்தின் நிலை என்ன. உங்களுக்கு வந்த வரியில் இவற்றில் ஒன்றுக்காவது பதில் இருக்கிறதா, பாருங்கள்.

காவல்துறை அறிக்கை எப்படித் தயாராகிறது என்று நான் பார்த்திருக்கிறேன். என்னிடம் வந்த ஒரு வழக்கில், “எதிர்த்தரப்பினர் அதே தெருவில் வசிப்பதால் சட்டம் ஒழுங்கு கெடும்” என்று எழுதியிருந்தார்கள். அந்தக் குடும்பம் வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போய் நாலு வருடம் ஆகியிருந்தது. வாங்கியவர் பெயரில் வீட்டு வரி ரசீதே இருந்தது. கைதியின் அம்மா அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, மகனின் பரோல் சீட்டுகளோடு எடுத்து வந்திருந்தார். முடிவெடுப்பதற்கு முன்னால் அந்த அறிக்கையை யாராவது அவரிடம் காட்டியிருந்தால், ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும் விஷயம் அது.

என் வருத்தமெல்லாம் இதுதான். ஒருவரின் மிச்ச வாழ்க்கையைத் தீர்மானிக்கும் அறிக்கைகள் அவர் கண்ணுக்கே படாமல் போகின்றன. கேரளத்து ஜோசப் என்பவர் 26 வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தார்; ஆலோசனைக் குழு திரும்பத் திரும்பப் பரிந்துரைத்தும் அரசு மறுத்தது, கடைசியில் 2023-இல் உச்ச நீதிமன்றம்தான் விடுவித்தது. அதே சமயம், 2002 குஜராத் கலவரத்தில் நடந்த கூட்டு வன்புணர்வு, கொலைகளுக்காக ஆயுள் தண்டனை பெற்ற 11 பேரை, பில்கிஸ் பானு வழக்கில், 2022-இல் குஜராத் அரசு விடுவித்தது. அதற்கு அந்த அதிகாரமே இல்லை என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அநியாயமாக அடைத்துவைப்பதும் அநியாயமாக விடுவதும் மூடிய அறைக்குள் நடக்கும் முடிவுகளில்தான் சுலபம். அறிக்கைகளின் நகலைக் கைதிக்கு முன்கூட்டியே கொடுத்துப் பதில் வாங்குவது, பாதிக்கப்பட்ட குடும்பத்தைக் கேட்பது, அடுத்த பரிசீலனைத் தேதியை ஆணையிலேயே எழுதுவது, இந்த மூன்றும் விதியாகவே வர வேண்டும் என்று நான் கேட்பது அதனால்தான்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். முதலில் சிறையிலிருந்து ‘நாமினல் ரோல்’, அதாவது அவர் உள்ளே இருந்த நாட்களின் விவரம் அடங்கிய பதிவு, வாங்கிக் கணக்கைச் சரிபாருங்கள். விசாரணைக் கைதியாக இருந்த நாட்கள் சேரும். பரோலில் வெளியே இருந்த நாட்களை 14 வருடக் கணக்கில் சேர்க்க முடியாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 17 வருடம் என்பதால் உங்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் வராது, இருந்தாலும் பாருங்கள். அப்புறம் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் காவல்துறை அறிக்கை, நன்னடத்தை அலுவலர் அறிக்கை, அறிவுரைக் கழகத்தின் பரிந்துரை மூன்றுக்கும் நகல் கேளுங்கள். காவல்துறை அறிக்கையைத் தர மறுத்தாலும் கவலை வேண்டாம், கேட்டதும் மறுத்ததும் வழக்கில் உதவும். நன்னடத்தை அலுவலர் நல்லபடியாக எழுதியிருந்தால் அது பெரிய பலம்.

அதன்பின் அரசமைப்பின் 226-ஆவது பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அரசின் ஆணையை நேரடியாக எதிர்க்கும் மனு, போடுங்கள். நிராகரிப்பு ஆணையை ரத்து செய்து, கெடு வைத்து மறுபரிசீலனை செய்ய உத்தரவிடும்படி கேளுங்கள். நீதிபதிகள் நேரடியாக விடுதலை உத்தரவு போடுவதைவிட இதற்குத்தான் அதிகம் இசைவார்கள். தீர்ப்பு வந்த நாளில் என்ன கொள்கை இருந்தது என்பதையும் வக்கீலிடம் பார்க்கச் சொல்லுங்கள், பின்னால் வந்த கடுமையான விதியை உங்கள் அண்ணன் மேல் சுமத்த முடியாது.

செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். காவலில் இருப்பவருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். நிராகரிப்பு ஆணைகளின் நகல் அவர்களுக்கும் போக வேண்டும் என்று அதே பிப்ரவரித் தீர்ப்பு சொல்கிறது. வந்ததா என்று அங்கேயே கேளுங்கள். ஐந்து பரோல் சீட்டுகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.